நாற்பது நாள் வெளியாள்

மீட்டர்க்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, யாரையும் கேட்காமல் ஒரு முடிவெடுத்தார். எடுத்த கையோடு அதை மனைவியிடம் போய்ச் சொன்னார். அங்கேதான் கோட்டை விட்டார்.

"நாய் வாங்கப் போறேன்."

மனைவி கொடியில் துணி உதறிக்கொண்டிருந்தாள். உதறல் நிற்கவில்லை.

"யாருக்கு?"

"யாருக்கா? வீட்டுக்கு. பாதுகாப்புக்கு. சின்ன நாய் இல்ல, பெரிய நாய். வாசல்ல நின்னா வெளிச்சம் உள்ள வரக்கூடாது. அவ்ளோ பெருசு."

"இருக்கிற வெளிச்சமே போதலை."

"பக்கத்துத் தெருவுல திருட்டுப் போயிருக்கு. தெரியுமா உனக்கு?"

"தெரியும். ஒரு வாளி."

"இன்னைக்கு வாளி. நாளைக்கு?"

"நாளைக்கும் வாளிதான் எடுப்பான். நம்ம வீட்ல வேற என்ன இருக்கு? சரி, வாங்குங்க."

இருபத்தொரு வருஷத் தாம்பத்தியத்தில் அவள் சண்டை போடாமல் "சரி" சொன்னது மொத்தம் இரண்டு தடவை. ஒன்று, இவரைக் கல்யாணம் செய்துகொள்ள. இன்னொன்று இது. இரண்டு தடவையும் மனுஷன் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. மார்பை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வாளியும் இல்லை, திருடனும் இல்லை. காரணம் வேறு.

அவர் தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவர். தோளில் பை, கையில் மூடி தூக்குகிற கம்பிக் கொக்கி. ஒரு நாளைக்கு நூற்றைம்பது வீடு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குனிந்து, குழியின் மூடியைத் தூக்கி, உள்ளே உட்கார்ந்திருக்கும் தவளையிடம் அனுமதி வாங்கி, எண்ணைப் பார்த்துக் கருவியில் ஏற்ற வேண்டும். குனிந்தவனைக் கண்டால் நாய்க்கு என்ன தோன்றுமோ, அது எல்லா நாய்க்கும் தோன்றியது. காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை ஊர் நாயெல்லாம் முறை வைத்துக் குரைத்தது. நாய் ஓய்ந்த இடத்தில் நாயின் சொந்தக்காரர் ஆரம்பித்தார். "போன தடவை தப்பா எழுதிட்டுப் போயிட்டியேய்யா!"

இத்தனையும் வாங்கிக்கொண்டு ஐந்தரைக்கு வீடு திரும்புகிற மனுஷனுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு சுகம் இருந்தது. முன்னறை. ஒரு ஜன்னல், ஒரு கட்டில், கை வைத்த நாற்காலி ஒன்று. கதவைச் சாத்திக்கொண்டு அந்த நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்காருவார். படிப்பதில்லை, பாட்டுக் கேட்பதில்லை, தூங்குவதும் இல்லை. சும்மா உட்காருவார். யாரும் குரைக்க மாட்டார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவர் மற்ற இருபத்துமூன்று மணி நேரத்தையும் சகித்துக்கொண்டிருந்தார் என்றால் மிகையில்லை.

அதற்குத்தான் ஆபத்து வந்தது. மாமியார் வரப்போகிறாள்.

மாமியார் முப்பத்துநான்கு வருஷம் ஒரு பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். முந்நூறு பெண்களை ஒரு மணியடித்து எழுப்பி, ஒரு பார்வை பார்த்து உட்கார வைத்தவள். ஓய்வுக்குப் பிறகும் விடுதி வளாகத்திலேயே ஓர் அறை கொடுத்திருந்தார்கள். இப்போது கட்டடத்தை இடிக்கிறார்கள். அடுத்த மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். ஒரே மகள். வேறு போக்கிடம் கிடையாது.

"அம்மா முன்னறையில இருந்துக்கட்டும்" என்று மனைவி சொல்லி ஒரு வாரம் ஆகிறது. கேட்கவில்லை. சொன்னாள். கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற வேலை அவளுக்கு. "அறுபத்தேழு, அந்தப் பக்கம் உக்காருங்க" என்பதுபோலச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தைரியம் வரவில்லை. தைரியம் இல்லாதவனுக்குத்தான் நாய் தேவைப்படுகிறது. அதுவும் பெரிய நாய்.

மாமியாருக்கு நாய் என்றால் பயம் என்பது அவருடைய கணக்கு. கணக்குக்கு ஆதாரம் உண்டு. ஒரு தடவை வந்தபோது, எதிர்வீட்டுத் தையல்காரரின் குட்டிநாய் தெருவில் நின்றது. அது போகிறவரை அந்த அம்மாள் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. கால் மணி நேரம்! முழங்கால் உயரக் குட்டிக்கே கால் மணி நேரமென்றால், இடுப்பு உயர நாய்க்கு? ஆயுசுக்கும் இறங்க மாட்டாள். வந்த வண்டியிலேயே திரும்பிப் போய்விடுவாள். இவர் எதுவுமே சொன்னதாக இருக்காது. நாயைப் பார்த்துப் பயந்தால் மருமகன் என்ன செய்ய முடியும்?

அன்று மத்தியானமே குடும்ப ஆலோசனை கூடியது. கல்லூரிக்குப் போகும் மகள் போனை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஜாதி நாயாகப் படித்தாள். மீட்டர்க்காரர் தீர்ப்புச் சொன்னார். நாய் விஷயத்தில் மட்டும் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒவ்வொரு ஜாதியிடமும் நேரில் அடிபட்ட அனுபவம்.

"ஜெர்மன் ஷெப்பர்டுப்பா. குடும்பத்துக்கு ரொம்ப விசுவாசமா இருக்குமாம்."

"வேணாம். அதுக்கு மூளை ஜாஸ்தி. ரெண்டு தடவை பாத்தா ஆளை அடையாளம் வச்சுக்கிட்டு வாலாட்டும். ஏழாவது தெரு டாக்டர் வீட்டு நாய் இப்ப எனக்குக் கை குடுக்குது."

"டாபர்மேன்?"

"ஓடும். ஆனா குளிர் தாங்காது. மழை வந்தா நம்மளுக்கு முன்னாடி உள்ள வந்து படுத்துக்கும்."

"கிரேட் டேன். குதிரை மாதிரி இருக்கு பாருங்க."

"பாக்கத்தான் குதிரை. வக்கீல் வீட்ல ஒண்ணு இருக்கு. என்னைப் பாத்தா அது சோபாவுக்குப் பின்னாடி போயிடும். வக்கீல்தான் குரைப்பார்."

"செயின்ட் பெர்னார்ட். பனியில மாட்டிக்கிட்டவங்களைக் காப்பாத்துமாம்."

"காப்பாத்துற நாய் எதுக்கு? நமக்குத் தேவை தடுக்கிற நாய். ஒருத்தரை வெளியாள்னு முடிவு பண்ணிட்டா, அது செத்தாலும் மாத்திக்கக் கூடாது. அந்த மாதிரி எதாவது இருக்கா பாரு."

மனைவி குனிந்து தரை துடைத்துக்கொண்டிருந்தாள். இப்போதுதான் நிமிர்ந்தாள்.

"வெளியாள்னு அது எப்படி முடிவு பண்ணும்?"

"அதெல்லாம் நாய்க்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு எதுக்குத் தெரியணும்? குரைக்கப் போறது நானா?"

மனைவி மறுபடி குனிந்துகொண்டாள். அந்தக் கேள்வியை அவள் சும்மா கேட்கவில்லை என்பது அவருக்கு உறைக்க இன்னும் ஐம்பது நாள் ஆகவேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிறு ஊருக்கு வெளியே ஒரு நாய்ப் பண்ணைக்குப் போனார்கள். மகளுக்குப் பரீட்சை. கணவனும் மனைவியும் மட்டும். பண்ணைக்காரர் நல்ல மனுஷன். ஒரு காதில் பாதி கிடையாது. அதைப் பற்றி அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

உள்ளே நாற்பது கூண்டு. மீட்டர்க்காரர் வாசலில் கால் வைத்தார். நாற்பது நாயும் ஒரே குரலில் எழுந்தன. சட்டை மாற்றித்தான் வந்திருந்தார், வாசனை சோப்புப் போட்டுத்தான் குளித்திருந்தார். இருந்தும் இருபது வருஷத் தொழில் வாடை போகுமா? கூண்டுகள் ஆடின. பண்ணைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்.

"சார், நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"மீட்டர் ரீடிங்!"

"தப்பா எடுத்துக்காதீங்க. கேட்டுக்கு வெளிய கொஞ்சம் நில்லுங்க. ஒரு நாய் பிரசவத்துல இருக்கு."

வீட்டுத் தலைவர் வெளியே மரத்தடியில் நின்றார். நாயைத் தேர்ந்தெடுக்க வந்தவர் நாய்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு வெளியே தள்ளப்பட்டார். முக்கால் மணி நேரம் கழித்து மனைவி ஒரு தாளில் எதையோ எழுதி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். பண்ணைக்காரர் தூரத்திலிருந்தே ஒரு நாயைச் சங்கிலியில் நிறுத்திக் காட்டினார். சாம்பல் நிறம். தலை மட்டும் ஒரு தவலை அளவு. பத்து மாதம்தான் ஆகிறதாம். அதன் ஜாதிப் பெயர் மீட்டர்க்காரர் வாயில் நுழையவில்லை. மலையில் ஆட்டு மந்தை காக்கிற நாயாம்.

"இதுதாங்க நீங்க கேட்டது" என்றாள் மனைவி, பஸ்ஸில் வரும்போது. "யாரோட இருந்து பழகுதோ அவங்கதான் அதுக்கு மந்தை. மந்தைய விட்டுக் குடுக்கவே குடுக்காதாம். மத்தவங்க யாரா இருந்தாலும் சரி, ஓநாய்தானாம். ஒரு தடவை முடிவு பண்ணிட்டா சாகிற வரைக்கும் மாத்திக்காதாம்."

"அப்படிப் போடு!" என்று மீட்டர்க்காரர் தொடையில் தட்டினார். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"பழக்கிறதுக்கு நாப்பது நாளாம். எப்படின்னு எல்லாம் எழுதிக்கிட்டேன். படிக்கிறீங்களா?"

"நீயே பாத்துக்க. எனக்கு நாயைத் தெரியாதா?"

தாள் பைக்குள்ளேயே இருந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க அடுத்தவன் வீட்டு எண்ணைக் குனிந்து குனிந்து படித்த மனுஷன், படிக்க வேண்டிய ஒரே ஒரு தாளைப் படிக்கவில்லை.

நாய் வியாழக்கிழமை பண்ணை வண்டியில் வருகிறது என்றார்கள். வியாழக்கிழமை அவருக்கு வேலை. மாலை ஐந்தரைக்கு ஆவலோடு தெருமுனை திரும்பினார். கேட்டுக்கு வெளியே மனைவி கை நீட்டி மறித்துக்கொண்டு நின்றாள்.

"நில்லுங்க. உள்ள போகாதீங்க."

"வந்துடுச்சா?"

"ரெண்டு பேரும் வந்துட்டாங்க."

"ரெண்டா? ஒண்ணுதானே வாங்கினோம்?"

"அம்மாவும் வந்துட்டாங்க. அதே வண்டியில."

மீட்டர்க்காரர் தோளிலிருந்த பை கீழே விழுந்தது. "இன்னும் ஒரு மாசம் இருக்குன்னியே!"

"இருந்துச்சு. ஆனா பண்ணைக்காரர் சொன்னாரே, முதல் நாளே மந்தை முழுசா இருக்கணும்னு. நாய் வந்தப்புறம் அம்மா வந்தா, வெளியாள்னு நெனச்சுக் கடிச்சு வச்சுடாது? வயசானவங்க. நீங்கதானே பாதுகாப்பு முக்கியம் முக்கியம்னு அடிச்சுக்கிட்டீங்க? அதான் போன் போட்டு வரச் சொல்லிட்டேன்."

என்ன பதில் சொல்வது? கடிக்கட்டும் என்றுதான் வாங்கினேன் என்றா சொல்ல முடியும்? பையை எடுத்துக்கொண்டார்.

"அத்தைக்கு நாய்னா பயமாச்சே?" என்று கடைசி நூலைப் பிடித்துப் பார்த்தார்.

"யார் சொன்னது?"

"அன்னைக்கு அந்தக் குட்டிக்குப் பயந்து வண்டிய விட்டு எறங்கலையே!"

"அதுவா? குட்டி சக்கரத்துக்குப் பக்கத்துல இருந்துச்சாம். தான் எறங்கினா டிரைவர் வண்டிய எடுத்துடுவான், அடிபட்டுடும்னு எறங்காம உக்காந்திருந்தாங்க. எங்கம்மாவுக்கு நாய்னா உசுரு. விடுதியில ஆறு வளத்தாங்க."

ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். அவருடைய முன்னறை. அவருடைய நாற்காலி. அதில் மாமியார். எதிரே அந்த மலை நின்றுகொண்டிருந்தது. மாமியார் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்து, "உக்காரு" என்றாள். மலை உட்கார்ந்தது. வெளியே நின்ற மருமகனுக்கும் முழங்கால் லேசாக மடங்கியது.

"நல்ல பிள்ளை. தம்பி சாப்பிட்டானா?" என்று மாமியார் உள்ளே பார்த்துக் கேட்டாள். நாய்க்குத் தம்பி என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்த வீட்டில் கூட்டிக் கழித்துப் பார்த்தால் எல்லோருக்கும் ஓர் உறவு கிடைத்துவிட்டது.

மனைவி குரலைத் தாழ்த்தினாள். "இப்ப ஒரு முக்கியமான விஷயம். தெனமும் ஒரே நேரத்துக்கு ஒரு வெளியாள் வந்து கேட்டை ஆட்டணுமாம். நாய் குரைக்கணும். குரைச்ச உடனே அந்த ஆள் பயந்து ஓடணும். அப்பதான் 'நான் தொரத்திட்டேன்'னு அதுக்கு ஒரு தெம்பு வருமாம். ஆள் ஓடலைன்னா நாய் கோழையாயிடுமாம். நாப்பது நாளைக்கு அப்படி ஒரு ஆளுக்கு எங்க போறது?"

"எதிர்வீட்டுத் தையல்காரரைக் கேளு."

"அவருக்கு என்ன தெரியும்? நாயைப் பாத்து ஓடறதுன்னா சும்மாவா? எப்ப நிக்கணும், எப்ப ஓடணும், எவ்ளோ பயப்படணும்... அனுபவம் வேணும்ங்க. இந்த ஊர்ல உங்களை விட்டா யாரு இருக்கா?"

அட! இருபத்தொரு வருஷத்தில் இந்த மாதிரி ஒரு பாராட்டு அவர் காதில் விழுந்ததில்லை. உச்சி குளிர்ந்துபோயிற்று. அதோடு உள்ளுக்குள் ஒரு கணக்கும் ஓடியது. நாய் எவ்வளவு மூர்க்கமாகிறதோ, அவ்வளவு சீக்கிரம் மாமியார் மூட்டை கட்டுவாள். ஆறு நாய் வளர்த்தவளாகவே இருக்கட்டும். இது வேறு ரகம். இதை நான் வளர்க்கிற வளர்ப்பில் இவளே நடுங்குவாள்.

"செய்றேன்" என்றார்.

"அந்த நாப்பது நாளும் நீங்க முன்பக்கம் வரக்கூடாது. நாய் கண்ணுல வீட்டு ஆளாப் படவே கூடாது. பின்பக்கமா சமையலறை வழியா வந்து போங்க. நடுக்கதவைச் சாத்தியே வைக்கிறேன்."

அன்றே ஆரம்பித்துவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமாகச் செய்தார். ஐந்தரை மணிக்குக் கேட்டுக்கு வருவார். கம்பிக் கொக்கியால் கேட்டைத் தடதடவென்று தட்டுவார். "மீட்டர்!" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம். முன்னறையிலிருந்து தம்பி பாய்ந்து வரும். இவர் பை தோளிலிருந்து நழுவ, ஒரு செருப்பு கழல, ஓட்டமாய் ஓடுவார். நடிக்க வேண்டிய அவசியமே இல்லை. தெருமுனை வரை ஓடி, சந்தில் திரும்பி, பின்பக்கக் குப்பைத்தொட்டி ஓரமாக வந்து, சமையலறையில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார். நின்றபடியே சாப்பிடுவார். துணி துவைக்கிற இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பாய். அதுதான் படுக்கை.

மூக்குள்ள நாய்க்கு இந்த ஆள்தான் பின்பக்கம் இருக்கிறான் என்று தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். முன்பக்கம் வந்தால் விரட்ட வேண்டியவன், பின்பக்கம் கிடந்தால் கிடக்கட்டும் என்று அது மிகத் தெளிவாகப் புரிந்துகொண்டது. அந்த வீட்டு மனுஷர்களும் கிட்டத்தட்ட அதே முடிவுக்குத்தான் வந்திருந்தார்கள்.

எதிர்வீட்டுத் தையல்காரர் தினமும் ஐந்தரைக்கு மிஷினை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றார்.

"நேத்து இன்னும் நல்லா ஓடினீங்க சார்."

"நேத்து ரெண்டு செருப்பும் கழண்டுச்சு."

"அதான். இன்னைக்கு ஒண்ணுதான். பாக்கிறவங்களுக்கு ஒரு திருப்தி வேணாமா?"

இருபதாம் நாள் கேட்டின் ஒரு கீல் ஆட்டம் கண்டது. முப்பதாம் நாள் இவருடைய செருமலைத் தெருமுனையில் கேட்டே தம்பி எழுந்து நின்றுவிடும் என்று மகள் வந்து சொன்னாள். மீட்டர்க்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. ஊரில் நூறு நாய் அவரைத் துரத்தியிருக்கிறது. ஆனால் அவர் கையால் உருவான நாய் துரத்துவது இதுதான் முதல் தடவை. துணி இயந்திரத்தோரம் படுத்துக்கொண்டு நாள் எண்ணினார். கனவில் நாற்காலி வந்தது. கதவு சாத்தியிருந்தது. நிசப்தமாக இருந்தது.

நாற்பத்தொன்றாம் நாள் வந்தது. அரை நாள் லீவு போட்டார். சலவைச் சட்டை, சீவிய தலை, பை கிடையாது, கொக்கி கிடையாது. மத்தியானம் மூன்று மணிக்கு வீட்டுத் தலைவனாக, மெதுவாக, கேட்டைத் திறந்தார்.

திறந்தது மட்டும்தான் அவருக்கு ஞாபகம். அடுத்து அவர் தையல்காரர் வீட்டு மிஷினுக்குப் பின்னால் இருந்தார். சலவைச் சட்டையின் ஒரு கை கேட்டிலேயே தங்கிவிட்டது.

"பயிற்சி நேத்தோட முடிஞ்சுடுச்சுன்னீங்களே சார்?" என்றார் தையல்காரர், அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்தபடி. "கை தைக்கணும்னா கழட்டிக் குடுங்க."

அவர் கண்ணெதிரிலேயே ஒரு கூரியர்க்காரன் வந்தான். கேட்டைத் திறந்தான். தம்பி எழுந்து அவனை மோந்து பார்த்தது. மாமியார் உள்ளிருந்து "விடு" என்றாள். விட்டது. அவன் அதன் தலையைத் தடவிவிட்டு, பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, விசிலடித்துக்கொண்டு போனான்.

மீட்டர்க்காரர் பண்ணைக்காரருக்குப் போன் போட்டார். விஷயத்தை விவரமாகச் சொன்னார்.

"சார்... ஓடினது நீங்களா? வீட்டுக்காரரா?"

"ஆமா. தெனமும். ஒரு நாள் தவறலை."

"ஐயையோ! வீட்டு ஆளு மட்டும் அதைச் செய்யவே கூடாதே! அம்மாகிட்ட அவ்ளோ தெளிவாச் சொன்னேனே. அவங்க எழுதிக்கக்கூட எழுதிக்கிட்டாங்க."

"என்ன சொன்னீங்க? என்ன கேட்டா?"

"வெளியாள் யாரா வேணா இருக்கலாமான்னாங்க. வீட்டு ஆளைத் தவிர யாரா வேணா இருக்கலாம்னேன். வீட்டு ஆளே செஞ்சா என்ன ஆகும்னு கேட்டாங்க. அப்புறம் அவரை அந்த நாய் ஜென்மத்துக்கும் வாசப்படி ஏத்தாதும்மான்னேன். 'ஜென்மத்துக்குமா?'ன்னு திருப்பி ஒரு தடவை கேட்டாங்க. சும்மா தெரிஞ்சுக்கக் கேக்கறாங்கன்னு நெனச்சேன் சார்."

மீட்டர்க்காரர் பின்பக்கமாக வீட்டுக்குள் போனார். மனைவி சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒற்றைக் கைச் சட்டையோடு வந்து நின்ற புருஷனைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, பயமும் வரவில்லை.

"வேணும்னே பண்ணியா?"

"ஆமா."

"புருஷனை நாய் கையில புடிச்சுக் குடுத்தியா?"

"நாயை வாங்கினது யாரு? எதுக்கு வாங்கினீங்க?"

"பாதுகாப்..."

"வாளிக்கா?" அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? உங்க அத்தை வரக்கூடாது, அவ்ளோதானே? வாயத் தொறந்து சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். அழுதிருப்பேன். ஒருவேளை வேற எதாவது வழியும் பாத்திருப்பேன். நீங்க சொல்லலை. நாயை விட்டுச் சொல்லப் பாத்தீங்க. நானும் நாயை விட்டே பதில் சொன்னேன்."

"எனக்குன்னு இருந்தது அந்த ஒரு ரூம்தானே? ஒரு மணி நேரம் நிம்மதியா உக்கார..."

"நான் எங்க உக்காருவேன்னு தெரியுமா உங்களுக்கு?"

"என்ன?"

"இருபத்தொரு வருஷமா இந்த வீட்ல நான் எங்க உக்காருவேன்? சொல்லுங்க பாப்போம்."

மீட்டர்க்காரர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். அவள் வீட்டில் நின்று பார்த்திருக்கிறார், குனிந்து பார்த்திருக்கிறார், நடந்து பார்த்திருக்கிறார். உட்கார்ந்து பார்த்த ஞாபகம் ஒன்றுகூட வரவில்லை. ஊரில் எந்த வீட்டு மீட்டர் எந்த மூலையில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். இதைச் சொல்லத் தெரியவில்லை. வந்த கோபம் அவள்மேலா தன்மேலா என்று அவருக்கே பிடிபடவில்லை.

"இப்ப நான் ஆயுசுக்கும் இந்தப் பக்கமாவே வந்து போகணுமா?" என்று கடைசியில் கேட்டார். குரல் இறங்கிவிட்டது.

"ஒரு வழி இருக்கு. அதையும் பண்ணைக்காரர்கிட்ட அன்னைக்கே கேட்டு எழுதிக்கிட்டேன்."

"அதையுமா?"

"ஜென்மத்துக்கும்னு அவர் சொன்னதும் உடனே கேட்டேன். விட்டுட முடியுமா உங்களை?" அவள் முகம் ஒரு கணம் இளகியதுபோல் இருந்தது. உடனே பழையபடி டோக்கன் கொடுக்கிற முகமாகிவிட்டது. "நாய் யாரு பேச்சை ரொம்பக் கேக்குதோ, அவங்க உங்க கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போகணும். தெனமும், அதே அஞ்சரை மணிக்கு. இதுவும் நாப்பது நாள். சிலதுக்கு ஜாஸ்தி ஆகுமாம்."

"அது யாரு பேச்சைக் கேக்கும்?"

அவள் முன்னறைப் பக்கம் பார்த்தாள். நடுக்கதவுக்கு அந்தப் பக்கமிருந்து மாமியாரின் குரல் வந்தது. "தம்பி, படு." தொப்பென்று ஒரு சத்தம். படுத்துவிட்டது.

மீட்டர்க்காரர் இரண்டு நாள் ரோஷத்தோடு இருந்தார். துணி இயந்திரம் தண்ணீர் உறிஞ்சுகிற சத்தத்தில் ரோஷம் கொஞ்சம் கொஞ்சமாக அவிந்தது. மூன்றாம் நாள் நடுக்கதவின் சந்தில் வாயை வைத்து, "அத்தை" என்று கூப்பிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவராகப் போய் அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை பேசியது அதுதான் முதல். என்ன உதவி வேண்டும் என்பதைச் சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. பாதிக்கு மேல் இருமல்.

"சரி மாப்பிள்ளை. இதுக்கு ஏன் இவ்ளோ தயக்கம்?" என்றாள் மாமியார். "பத்து நிமிஷம் முன்னாடியே வந்துடுங்க. தாமதம் எனக்குப் பிடிக்காது."

அன்று மாலை ஐந்து இருபதுக்கே கேட்டுக்கு வெளியே நின்றார். எதிரே தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றார். ஐந்தரை. மாமியார் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இறங்கி வந்து, கேட்டைத் திறந்து, விடுதிக்குப் புதிதாக வந்து அழுகிற பிள்ளையைப் பிடிப்பதுபோல் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். தம்பி படியில் எழுந்து நின்றது. பிடரி மயிர் சிலிர்த்தது. அடித்தொண்டையில் உறுமல் கிளம்பியது. மீட்டர்க்காரருக்குக் கால் தானாகவே தெருமுனைப் பக்கம் திரும்பியது. பிடி விடவில்லை. ஓர் அடி. இன்னும் ஓர் அடி. திறந்த கதவுக்கு அந்தப் பக்கம் அவருடைய நாற்காலி தெரிந்தது.

மாமியார் படியருகே நின்றாள். ஒரு கையால் மருமகனைப் பிடித்தபடியே குனிந்து, மறு கையால் நாயின் தலையைத் தடவி, அதன் காதோரம் ஆதரவாகச் சொன்னாள்.

"பயப்படாதே தம்பி. ஒண்ணும் செய்ய மாட்டார்."